நூற்றுப்பத்து மடங்கு தொலைவு

கிரேக்க நாட்டின் அட்டிகா நிலப்பகுதி தெற்கே நீண்டுபோய் ஏஜியன் கடலில் முடியும் முனைக்குச் சூனியோன் என்று பெயர். ஏதென்ஸிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் மேலே, பாறை விளிம்பில், கடல் தெய்வமான பொசைடனின் கோயில் நிற்கிறது. கி.மு. 480-இல் பாரசீகப் படை அங்கிருந்த பழைய கோயிலை அழித்தது. அதே இடத்தில் கி.மு. 444-க்கும் 440-க்கும் இடைப்பட்ட காலத்தில், பக்கத்துப் பள்ளத்தாக்கில் வெட்டிய வெள்ளைப் பளிங்கைக் கொண்டு இன்றுள்ள கோயிலைக் கட்டினார்கள். அகலவாட்டில் 6, நீளவாட்டில் 13 என்று வெளிச்சுற்றில் மொத்தம் 34 தூண்கள். கூரை போய்விட்டது, சுவர்கள் போய்விட்டன, தூண்களில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சிய தூண்களின் இடைவெளியில் வானம் தெரிகிறது. முழுநிலவு எழுவதும் அந்த இடைவெளியில் தெரியும்.

2008 ஜூன் மாதப் பௌர்ணமியை அந்தோனி அயோமமிடிஸ் என்ற கிரேக்க வானியல் ஒளிப்படக் கலைஞர் இந்தக் கோயிலுக்குப் பின்னே எழும்போது படம்பிடித்தார். நாசா நாளுக்கு ஒன்றாக வெளியிடும் வானியல் பட வரிசையில் அது இடம்பெற்றது. இத்தகைய படங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். ‘இது ஒட்டுவேலை’ என்பார்கள். அல்லது ‘அன்றைக்கு நிலா பெரிதாக இருந்திருக்கும்’ என்பார்கள். இரண்டும் இல்லாமல் அந்தப் பெரிய நிலா கிடைக்கும். அதற்கு வேண்டியது, நிற்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது. இப்படிப்பட்ட ஒரு படத்தை நான் ஓர் அளவீடு என்றே கருதுகிறேன். அந்த அளவீட்டின் படிகளைச் சூனியோனை வைத்தே பார்ப்போம்.

நிலவின் அகலம்

நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். பூமியிலிருந்து அதன் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறத்தாழ 110 வரும். நிலா தன் விட்டத்தைப் போல 110 மடங்கு தொலைவில் இருக்கிறது என்று பொருள். நம் கண்ணில் அது அடைக்கும் கோணம் அரை டிகிரிக்குச் சற்றே அதிகம்.

இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இந்த 110-க்குள் அடங்கிவிடும். எந்தப் பொருளும் தன் அளவைப் போல 110 மடங்கு தொலைவில் இருந்தால் நிலவின் அளவுக்கே தெரியும். சூனியோன் தூண் ஒன்றின் உயரம் 6.1 மீட்டர். அதிலிருந்து 670 மீட்டர் தள்ளி நின்றால் தூணின் உயரமும் நிலவின் விட்டமும் சமம். கோயிலின் முகப்பு 13.5 மீட்டர் அகலம். அதற்குச் சமமான நிலா வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். கோயிலின் நீளம் 31 மீட்டர், 3.4 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றால், முழுக் கோயிலையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும் வட்டமாக நிலா எழும்.

இதில் மாறுவது நிலவின் அளவு இல்லை. நாம் பின்வாங்கப் பின்வாங்கக் கோயில் சிறுக்கிறது. நிலா அப்படியே இருக்கிறது. நான்கு லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒன்றுக்கு நம் மூன்று கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பிறகு டெலிஃபோட்டோ லென்ஸ் இரண்டையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கித் தருகிறது. லென்ஸின் குவியத்தூரத்தையும் 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா எவ்வளவு அகலமாக விழும் என்று தெரிந்துவிடும். 1000 மில்லிமீட்டர் லென்ஸில் 9 மில்லிமீட்டர். 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரில் அது கம்பீரமான வட்டம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. கைபேசியில் எடுத்த நிலா ஏன் ஒரு வெள்ளைப் புள்ளியாகிவிடுகிறது என்பதற்கும் இந்த வகுத்தல்தான் விடை.

நிலவின் தொலைவு மாறிக்கொண்டே இருப்பதால் 110 என்பதும் சற்று அசையும். மிக அருகில் வரும்போது 103, மிக விலகும்போது 117. ‘சூப்பர்மூன்’ என்று செய்திகள் கொண்டாடும் நிலா, மிகச் சிறிய முழுநிலவைவிட 14 விழுக்காடு அகலம். படத்தில் அந்த வித்தியாசத்தைவிடச் சில நூறு மீட்டர் பின்வாங்கி நிற்பது பெரிய வேலை செய்யும்.

அடிவானத்து நிலா வெறுங்கண்ணுக்கே பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். அது மூளையின் தீர்ப்பு. ஈரக்காற்று அதைப் பெரிதாக்குகிறது என்று பழங்கால வானியலாளர் தாலமி கருதினார். 11-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம், காரணம் காற்றில் இல்லை, நாம் தொலைவை உணரும் விதத்தில் இருக்கிறது என்று விளக்கினார். 1962-இல் லாயிட் காஃப்மன், இர்வின் ராக் என்ற உளவியலாளர்கள் சோதனைகள் மூலம் அந்த விளக்கத்துக்கு வலுச் சேர்த்தார்கள். விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் கேமரா இதில் ஏமாறுவதில்லை. சொல்லப்போனால், எழும் நிலா உச்சிநிலவைவிட ஒன்றரை விழுக்காடு சிறியது. அப்போது நமக்கும் அதற்கும் இடையே பூமியின் ஆரம் அளவுக்குத் தூரம் கூடியிருக்கிறது.

எந்தத் திசையில்

தொலைவு கிடைத்துவிட்டது. அடுத்தது திசை. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். ஆகவே கோடையில் சூரியன் வடக்கே விலகிச் செல்லும்போது முழுநிலவு தென்கிழக்கில் எழும். குளிர்காலத்தில் வடகிழக்கில் எழும். கோயிலுக்குப் பின்னே நிலா வேண்டுமென்றால் கேமரா அதற்கு நேரெதிர்ப் பக்கம் இருக்கவேண்டும். ஜூன் பௌர்ணமிக்குக் கோயிலின் வடமேற்கே; அங்கே கரையும் குன்றுகளும் உண்டு. டிசம்பர் பௌர்ணமிக்குத் தென்மேற்கே, அங்கே கடல். புகழ்பெற்ற சூனியோன் முழுநிலவுப் படங்களுக்குக் கோடைக்காலம் ஏற்றதாக அமைவது இப்படித்தான்.

சூரியன் ஆண்டுதோறும் ஒரே எல்லைகளுக்குள் எழுகிறது. நிலா அப்படியில்லை. அதன் பாதை சூரியனின் தோற்றப்பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வின் திசை 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச்சுற்று சுற்றிவருகிறது. அதனால் நிலா எழும் எல்லைகள் விரிந்து சுருங்குகின்றன. 2006-இலும் 2024-25-இலும் அவை மிக விரிந்திருந்தன. 2015-இல் மிகச் சுருங்கியிருந்தன. சூனியோனின் அட்சரேகையில், விரிந்த ஆண்டுகளில் நிலா தென்கிழக்கே ஏறத்தாழ 127 டிகிரி திசைவரை போய் எழும். சுருங்கிய ஆண்டுகளில் 113 டிகிரியோடு நின்றுவிடும். 3.4 கிலோமீட்டர் தொலைவில் இந்த 14 டிகிரி, தரையில் 800 மீட்டருக்கு மேல். ஒரு ஜூனில் நல்ல படம் தந்த இடம் ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஜூனில் பயன்படாது.

பழங்காலத்தவர் இந்த நீண்ட ஊசலாட்டத்தைக் கவனித்திருந்தார்களா என்பது இன்னும் விவாதத்தில் உள்ள கேள்வி. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் வட்டத்துக்கு வெளியே இருந்த நான்கு கற்கள் அமைக்கும் செவ்வகத்தின் நீள்பக்கம், நிலவின் தென்கோடி எழுச்சியை ஒட்டி அமைந்திருக்கிறது. 2024-25-இல் ஆக்ஸ்ஃபோர்டு, லெஸ்டர், போர்ன்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்புடன் சேர்ந்து அந்த எழுச்சிகளை நேரில் பதிவு செய்தார்கள். ஒரு கட்டடம், ஒரு நிலா, ஒரு மனிதர் என்று மூன்றும் ஒரே கோட்டில் வருவதைப் பார்த்து எழுதிவைப்பது வானியலின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. கேமராவோடு நிற்பவர் அதைத்தான் தொடர்கிறார்.

ஒரு டிகிரி மேலே

இனிமேல்தான் நுட்பமான கணக்கு. வரைபடத்தில் நிலவு எழும் திசைக்கு ஒரு கோடு போட்டு, அதன்மேல் போய் நின்றால் படம் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. கோயில் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3.4 கிலோமீட்டருக்கு அப்பால் கடற்கரையில் நிற்பவருக்குக் கோயிலின் அடித்தளமே அடிவானத்துக்கு ஒரு டிகிரி மேலே தெரியும். நிலா அந்த ஒரு டிகிரியை ஏறிய பிறகுதான் தூண்களுக்குப் பின்னே வரும்.

நிலா நேராக ஏறினால் சிக்கலில்லை. ஆனால் சூனியோன் இருக்கும் வடக்கு 37.65 டிகிரி அட்சரேகையில் கோடைகால முழுநிலவு தரைக்கு ஏறத்தாழ 46 டிகிரி சாய்வில் ஏறுகிறது. ஒரு டிகிரி மேலே போவதற்குள் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வலப்பக்கம், அதாவது தெற்கே, நகர்ந்துவிடும். 3.4 கிலோமீட்டரில் ஒரு டிகிரி என்பது 59 மீட்டர். இரண்டு கோயில் நீளம். அடிவானத் திசையை மட்டும் பார்த்து நின்றவர், வெற்றுப் பாறைக்கு மேலே நிலா எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘நிலா எங்கே எழும்?’ என்பதைவிட, ‘ஒரு டிகிரி உயரத்துக்கு வரும்போது எந்தத் திசையில் இருக்கும்?’ என்பதே. தமிழ்நாட்டின் அட்சரேகையில் நிலா கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுவதால் இந்தத் திருத்தம் சிறியது. ஆனால் கோபுரம் உயரமாக இருந்து, உச்சியில் நிலாவை வைக்க விரும்பினால் இங்கும் அதை விட்டுவிட முடியாது.

இந்தக் கணக்கில் வேறு இரண்டு திருத்தங்களும் ஒளிந்திருக்கின்றன. ஒன்று ஒளிவிலகல். அடிவானத்தை ஒட்டி வரும் ஒளியைக் காற்று வளைப்பதால் நிலா அரை டிகிரிக்கு மேல் உயர்ந்து தெரிகிறது. அதன் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட அதிகமாக உயர்த்தப்படுவதால், கடலைத் தொட்டு எழும்போது நிலவின் உயரம் ஆறில் ஒரு பங்கு குறைந்து தட்டையாகத் தெரியும். கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நின்றால் விளிம்புகள் நெளியும். நிலா தென்படும் நேரமும் சற்று மாறும்.

மற்றொன்று இடமாறு தோற்றம். வானியல் அட்டவணைகள் நிலவின் இடத்தைப் பூமியின் மையத்திலிருந்து கணக்கிடுகின்றன. நாம் நிற்பதோ மேற்பரப்பில். அதனால் எழும் நிலா, அட்டவணை சொல்வதைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி, கிட்டத்தட்ட இரண்டு நிலா அகலம், தாழ்ந்து தெரிகிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இதே விலகலை வைத்துத்தான் நிலவின் தொலைவை அளந்தார். ஒரு சூரிய கிரகணம் ஹெலஸ்பாண்ட் நீரிணைப் பகுதியில் முழுமையாகத் தெரிந்தபோது அலெக்சாந்திரியாவில் சூரியனின் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே மறைந்தது. அந்த வேறுபாட்டிலிருந்து நிலவு பூமியின் ஆரத்தைப் போல 71 முதல் 83 மடங்கு வரையிலான தொலைவில் இருப்பதாகக் கணித்தார். சரியான எண் சுமார் 60. இன்று ஸ்டெல்லேரியம், போட்டோபில்ஸ் போன்ற மென்பொருள்கள் இத்தனை திருத்தங்களையும் நொடியில் செய்துவிடுகின்றன. உள்ளே நடப்பது தெரிந்தவரால் அவை தரும் எண்ணைச் சரிபார்க்கவும் முடியும்.

அரை மணி நேர ஒளி

இடம் சரியானாலும் ஒளி ஒத்துவர வேண்டும். நிலவின் மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. பழைய தார்ச்சாலை அளவுக்கு மங்கலான பரப்பு அது. ஆனாலும் அதன்மேல் அடிப்பது முழு வெயில். உச்சியில் இருக்கும் முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/11, விநாடியில் நூறில் ஒரு பங்கு என்ற அளவு போதும். பகல் காட்சிக்கு வைப்பதற்குப் பக்கத்தில் வரும் அளவு. இருட்டிய பிறகு கோயிலைப் பதிவு செய்ய அதைவிட மிக நீண்ட நேரம் வேண்டும். கோயிலுக்கு வைத்தால் நிலா வெளுத்துப்போகும். நிலவுக்கு வைத்தால் கோயில் கறுத்துப்போகும்.

இரண்டும் ஒத்துப்போகும் நேரம் அந்தி. சூரியன் மறைந்து 6 டிகிரி கீழே இறங்கச் சூனியோனின் கோடையில் சுமார் அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் தரையின் வெளிச்சம் ஏறத்தாழ நூறில் ஒன்றாகக் குறைகிறது. இன்னொரு பக்கம், அடிவானத்து நிலவின் ஒளி உச்சியில் கடப்பதைப் போல 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதனால் நிலா பெரிதும் மங்குகிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிவிடுவதால் ஆரஞ்சு நிறம் கொள்கிறது. அந்தியில் குறைந்துவரும் ஒளியும், ஏற ஏறக் கூடிவரும் நிலவொளியும் சந்திக்கும் சில நிமிடங்களில்தான் பளிங்கின் வெண்மையும் நிலவின் கறைகளும் ஒரே படத்தில் தங்கும். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. அனுபவமுள்ளவர்கள் பௌர்ணமிக்கு முந்தைய மாலையையும் விடாமல் கணக்கில் வைத்திருப்பதற்குக் காரணம் இது. அன்றைக்கு நிலவு ஏறக்குறைய முழுமையாக இருக்கும், வெளிச்சமும் மிச்சமிருக்கும்.

அந்தச் சில நிமிடங்களிலும் நிலா ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டரை நிமிடத்துக்குள் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். 1000 மில்லிமீட்டர் லென்ஸில் ஷட்டரை ஒரு விநாடி திறந்துவைத்தால் அதன் விளிம்பு பத்துப் பிக்சலுக்கு மேல் கலங்கும். ஃபோகஸும் தொலைவோடு பிணைந்தது. அதே லென்ஸை எஃப்/11-இல் வைத்தால், 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருளும் நிலவும் ஒருசேரக் கூர்மையாக விழும். 670 மீட்டரில் தூணைக் கூர்மையாக்கினால் நிலா சற்றுக் கலங்கும்; எது கூர்மையாக வேண்டும் என்று தேர்ந்துகொள்ள வேண்டும்.

படத்தை எப்படி நம்புவது

இத்தனை உழைப்பையும் மதிப்பிழக்கச் செய்வது, வேறெங்கோ எடுத்த நிலாவை ஒரு கோயில் படத்தின்மேல் ஒட்டிவிடும் பழக்கம். அறிவியலுக்கு இதில் நேரான பங்கு இருக்கிறது. சோதித்துப் பார்க்கும் வழிகளை அது தருகிறது.

முதலில் அளவு. படத்தில் நிலாவும் ஒரு தூணும் சமமாக இருந்தால், கேமரா தூணின் உயரத்தைப் போல 110 மடங்கு தொலைவில் இருந்திருக்க வேண்டும். முன்னால் உள்ள படிக்கட்டும் மனிதர்களும் அருகிலிருந்து எடுத்தவை போலத் தெரிந்தால் கணக்கு உதைக்கிறது. அடுத்தது வானம். முழுநிலவு எழும்போது சூரியன் படமெடுப்பவரின் முதுகுப்பக்கம் இருக்கும். நிலவுக்குப் பின்னே அஸ்தமனச் செந்தீ எரிய வழியில்லை; அங்கே தெரியக்கூடியது பூமியின் சொந்த நிழலான சாம்பல்நீலப் பட்டையும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டையும். மூன்றாவது நிலவின் முகம். மாரே கிரிசியம் என்ற தனித்த கரிய வட்டத்திட்டு, எழும் நிலவில் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். மறையும் நிலவில் கீழே வந்துவிடும். எழும் நிலா என்று சொல்லும் படத்தில் அது கீழே இருந்தால் அந்த நிலா வேறு வேளையில் எடுத்தது. கோணமும் ஒளியும் பொய் சொல்வதில்லை. உண்மையாக நின்று எடுத்தவருக்கு அவையே சாட்சி.

பத்தொன்பது ஆண்டுகள்

பொசைடன் கோயில் எழுந்த அதே தலைமுறையில், கி.மு. 432-இல், ஏதென்ஸில் மெட்டோன் என்ற வானியலாளர் கோடைச் சூரியத்திருப்பத்தை அளந்தார். 19 சூரிய ஆண்டுகளும் 235 நிலா மாதங்களும் ஏறக்குறைய ஒரே நீளம் என்ற சுழற்சி அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரமே. ஏஜியன் கடலின் தெற்கு எல்லையில் ஆன்டிகிதிரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் மீட்ட வெண்கலப் பற்சக்கரக் கருவியில், இந்த 235 மாதங்களும் ஒரு சுருள் அளவுகோலில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கருவி இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மெட்டோன் சுழற்சியால் 19 ஆண்டுகளுக்குப் பின் ஏறக்குறைய அதே தேதியில் முழுநிலவு வரும். மேலே சொன்ன 18.6 ஆண்டு ஊசலாட்டமும் அதற்குள் ஒரு சுற்றை முடித்து, கிட்டத்தட்டப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே 19 ஆண்டுகளுக்குப் பின், அந்த முழுநிலவு மாலையில், நிலா பழைய இடத்துக்கு அருகிலேயே எழும். கோயில் கட்டிய நாளிலிருந்து இந்தச் சுழற்சி ஏறத்தாழ 130 முறை நிறைவடைந்துவிட்டது.

இது உங்களுக்கும் பயன்படும். உங்கள் ஊரில் பழைய கோபுரம், கோட்டை, கலங்கரை விளக்கம் எதுவாயினும் அதன் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதை 110-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொலைவில், கிழக்கே மறைப்பில்லாமல் பார்க்கக்கூடிய மேட்டையோ ஏரிக்கரையையோ வரைபடத்தில் தேடுங்கள். எந்த மாதப் பௌர்ணமி அந்தக் கோட்டுக்கு வருகிறது என்று கணக்கிட்டு, முன்னதாகவே போய் நில்லுங்கள். படம் கிடைத்ததும் அதன்கூடவே நீங்கள் நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, ஷட்டரை அழுத்திய நிமிடம் நான்கையும் எழுதிவையுங்கள். அந்த நான்கும் சேர்ந்தால் உங்கள் படம், வேறொருவர் சரிபார்க்கக்கூடிய வானியல் பதிவாகிறது. 19 ஆண்டுகள் கழித்து அதே கோபுரத்தைத் தேடி வருபவர், உங்கள் குறிப்பிலிருந்தே தன் கணக்கைத் தொடங்கலாம்.